வார்த்தை இல்லாத ஒரு அப்பாவும் மகனும்



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கோ என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். தலைவர்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் எழுத எங்களுக்குள் கனபேர் இருக்கினம். நான் எழுதப்போவது, நாங்கள் வந்து குடியேறிய இந்த ஜேர்மன் மண்ணில் பிறந்து, படம் கீறிப் பிழைத்த ஒரு மனிசனைப் பற்றி. அவர் பெயர் ஏரிக் ஓசர்.

அவரை எனக்குத் தெரியவந்த கதையை முதலில் சொல்லவேணும். 1985இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரெயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்த எங்கட ஆக்களில் நானும் ஒருவன். பிறகு எங்களை வேறொரு ஊரில் ஒரு அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு அறைக்குள் ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. பாஷை தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்கவும் பயம், வராவிட்டாலும் பயம். கிழமையில் இரண்டு நாள், இளைப்பாறிய ஒரு ரீச்சர் அம்மா வந்து சம்பளம் வாங்காமல் எங்களுக்கு டொச் படிப்பித்தா. ஒருநாள் அவ போட்டோக் கொப்பி எடுத்த ஒரு தாளை ஆளுக்கொன்றாகத் தந்தா. அதிலே சொல்லே இல்லை, படம் மட்டும்தான்.

மொட்டைத் தலை, அடர்ந்த மீசை, வண்டி வைத்த ஒரு அப்பா. கலைந்த தலைமயிரோடு ஒரு சின்னப் பெடியன். சாப்பாட்டு நேரம். பெடியன் நிலத்தில் படுத்துக்கிடந்து புத்தகம் வாசிக்கிறான். அப்பா போய் அவனை எழுப்பி விடுகிறார். பெடியன் மேசைக்கு வந்துவிட்டான், இப்ப அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், அதே இடத்தில், அதே புத்தகத்தோடு அப்பா குப்புறப் படுத்துக்கிடக்கிறார்!

ஆறு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

ஏரிக் ஓசர் 1903ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, சக்சனி மாநிலத்தின் எல்லையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் எல்லையில் சுங்கக் காவல் வேலை பார்த்தவர். பிறகு குடும்பம் பிளௌவன் என்ற பட்டணத்துக்கு வந்தது. பெடியன் ஒரு கைத்தொழில் படிக்கட்டும் என்று பூட்டு வேலை பழக விட்டார்கள். அவருக்கோ மனம் முழுக்கப் படத்தில். தொழிலைப் பழகி முடித்த பிறகு லைப்சிக் நகரத்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கிடைத்த சிநேகிதர் இரண்டு பேருக்கும் ஏரிக் என்றுதான் பெயர். ஒருவர் பின்னாளில் சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஏரிக் கெஸ்ட்னர். மற்றவர் பத்திரிகையாளர் ஏரிக் க்னௌப். கெஸ்ட்னர் கவிதை எழுத, ஓசர் படம் கீறுவார். 1927இல் அப்படி வந்த ஒரு பகிடிக் கவிதையால் கெஸ்ட்னருக்குப் பத்திரிகை வேலை பறிபோனது. பிறகு இரண்டு பேரும் பேர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பேர்லினில் ஓசர் சமூக ஜனநாயகக் கட்சியின் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் கீறினார். ஹிட்லரையும் கோயபல்சையும் கிழிகிழியென்று கிழித்தார். 1933இல் அவர்களே ஆட்சிக்கு வந்துவிட்டார்கள்! கெஸ்ட்னரின் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பத்திரிகையில் கீற அனுமதி கேட்ட ஓசருக்கு 1934இல் இல்லை என்று பதில் வந்தது. வீட்டிலே மனைவியும், 1931இல் பிறந்த ஒரே மகனும். கை நிறையத் தொழில் இருந்தும் செய்ய அனுமதி இல்லை. அது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பேர்லினில் ஒரு பெரிய வாரப் பத்திரிகை அவரைக் கைவிடவில்லை. அரசியல் இல்லாமல், சொந்தப் பெயர் இல்லாமல் கீறலாம் என்று ஒரு வழி பிறந்தது. பெயரின் முதலெழுத்து இரண்டையும் எடுத்து, வளர்ந்த ஊரின் பெயரையும் சேர்த்து, ஏ.ஓ. பிளௌவன் என்று ஒப்பமிட்டார். 1934 டிசம்பரில் 'அப்பாவும் மகனும்' வரத் தொடங்கியது. மூன்று வருஷம் ஓடியது. ஊர் முழுக்க வெறி பிடித்து நின்ற நேரத்தில், அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு அப்பாவும் பிள்ளையும் சந்தோசமாக இருந்தார்கள்.

அதில் வருவதெல்லாம் எங்கட வீட்டிலும் நடக்கிற சின்னச் சின்ன விஷயம்தான். ஒரு கதையில், மகனின் வீட்டுப்பாடத்தை அப்பா செய்து கொடுக்கிறார். எல்லாம் பிழை. வாத்தியார் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, அடி போடுகிறார், மகனுக்கு இல்லை, அப்பாவுக்கு!

இதைப் பார்த்து நான் சிரித்தது ஒரு காலம், யோசித்தது இன்னொரு காலம். என்ரை மகன் ஏழெட்டு வயதிலேயே எனக்காகக் கந்தோர்களுக்கு வந்து மொழிபெயர்த்தவன். வருகிற கடிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்லுவான். அவனுக்கு முன்னால் நான் பிழையாய் டொச் கதைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரும், எனக்குக் கோபம் வரும். அப்பா என்றால் மரியாதை, பயம் என்று வளர்ந்த ஆள்தானே நான். ஒருநாள் அந்த வீட்டுப்பாடக் கதையை அவனுக்குக் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு, அப்பா, நீங்கள் சொன்னது பிழை என்று சொல்ல அவனுக்குப் பயமில்லை, கேட்க எனக்கும் வெட்கமில்லை. எங்களுக்குள் மரியாதை குறையவுமில்லை.

1937 டிசம்பரில் ஓசர் தொடரை நிறுத்தினார். கடைசிப் படத்தில் அப்பாவும் மகனும் கைகோர்த்து வானத்துக்கு நடந்துபோகிறார்கள். அப்பா நிலவாகிறார், மகன் நட்சத்திரமாகிறான்.

உண்மையை மறைக்கக் கூடாது. 1940இலிருந்து அவர் கோயபல்சின் வாரப் பத்திரிகைக்கு அரசியல் படமும் கீறினார். தொழில் இல்லாமல் பட்ட ஒரு மனிசன் அதைச் செய்தார். நான் நியாயம் சொல்ல வரவில்லை, தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவர் வாய் மாறவில்லை. குண்டுவீச்சில் வீடு போய், மனைவியையும் மகனையும் தெற்கே அனுப்பிவிட்டு, க்னௌபுடன் ஒரே வீட்டில் இருந்தார். அவருக்குக் காது மந்தம். ஆகையால் இரண்டு பேரும் ஹிட்லரைப் பற்றிய பகிடிகளைப் பலமாகவே கதைத்தார்கள். அதே வீட்டில் இருந்த ஒருவர் எல்லாவற்றையும் எழுதி வைத்து, காட்டிக் கொடுத்தார்.

1944 மார்ச் 28இல் இருவரையும் பிடித்தார்கள். ஏப்ரல் 6ஆம் திகதி விசாரணை. தீர்ப்பு என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முதல் இரவு ஓசர் சிறைக்குள்ளேயே உயிரை விட்டார். வயது 41. குற்றம் முழுவதும் தன்னுடையது, க்னௌபுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். பலனில்லை. மே 2ஆம் திகதி க்னௌபையும் கொன்றார்கள். ஓசரின் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒரு பகிடிக்கு உயிர்விலை. பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிறானோ என்று குரலைத் தாழ்த்திக் கதைத்த காலம் எங்களுக்கும் இருந்தது. ஒரு சொல்லுக்காகக் காணாமற்போனவர்களை எங்களுக்கும் தெரியும். ஆனபடியால்தான், வாய்விட்டுச் சிரிக்கிற வீட்டைக் காணும்போது, அது எவ்வளவு பெரிய செல்வம் என்று எனக்குப் படுகிறது.

ஓசரைப் பிடித்தவர்களின் ஆட்சி அடுத்த வருஷமே அழிந்தது. அவருடைய அப்பாவும் மகனும் இன்றும் இருக்கினம். பிளௌவனில் சிலையாக நிற்கினம். புதிதாக வருகிற அகதிகளுக்கு டொச் படிப்பிக்க இன்றும் அந்தப் படங்களை எடுக்கினம்.

இந்த வருஷம் பேரனுக்குக் கைவிசேடக் காசோடு அந்தப் புத்தகத்தையும் கொடுக்கப் போகிறேன். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், எனக்கு டொச் இன்னும் தடுமாறும். அந்தப் புத்தகத்துக்கு இரண்டும் தேவையில்லை.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்!