கீழ்த்திசை புகுந்த பியானோக் கலைஞர்

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பலர் டெடி வெதர்போர்ட் என்பாருக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடமளிப்பதில்லை. அவர் அமெரிக்காவை விட்டு நீங்கியமையே காரணம். நீங்கியவர் காணாமற்போனவர் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கை நான் ஏற்பதற்கில்லை.

1903 ஆம் ஆண்டு வெர்ஜீனியா மாநிலத்திற் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், இளமையில் நியூ ஓர்லியன்சிற் பியானோ பயின்றார். பின்னர் சிக்காகோ சேர்ந்து எர்ஸ்கின் டேட்டின் இசைக்குழுவில் அமர்ந்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அக்குழுவில் ஊதினார். 1926 மே மாதம் அக்குழு பதித்த இசைத்தட்டில் இருவரையும் இன்றும் கேட்கலாம். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய ஏர்ல் ஹைன்ஸ் அந்நகருக்கு வந்தபோது அங்கே முதன்மை பெற்றிருந்த பியானோக் கலைஞர் வெதர்போர்டே. அத்தகைய இடத்தை விட்டுவிட்டு, அதே ஆண்டில் ஜாக் கார்ட்டரின் குழுவோடு கீழ்த்திசைக்குக் கப்பலேறினார்.

ஏன் ஏறினார்? சிக்காகோவிற் கறுப்பினத்தார் வாசிக்கும் மண்டபங்கள் சிலவற்றில் அவ்வினத்தாரே மேசையில் அமர இயலாது. ஷாங்காயிலோ வெதர்போர்டுக்கு மதிப்பும் நல்ல ஊதியமும் கிடைத்தன. 1934 இல் தாயகம் சென்று பக் கிளேட்டனின் குழுவை அந்நகருக்கு அழைத்துவரும் அளவுக்கு அவர் செல்வாக்குப் பெற்றிருந்தார். எனினும் ஒன்று சொல்லவேண்டும். குடியேற்ற ஆட்சியின் ஆடம்பர விடுதிகளில் நிறபேதம் ஒழிந்துவிடவில்லை, ஒதுக்கப்பட்டோர்தாம் வேறு.

பின்னர் பம்பாய் தாஜ்மகால் விடுதி; 1937 இற் பரிசில் சில தனிப் பியானோ இசைத்தட்டுக்கள்; கொழும்பில் காலிமுகத்திடலை அடுத்த கோல்பேஸ் விடுதி. இந்நாட்களில் அவருடன் வாசித்த சக்ஸபோன் கலைஞர் இருவரை மறத்தலாகாது. ஒருவர் ரோய் பட்லர். மற்றவர் ரூடி ஜாக்சன். 1927 இல் டியூக் எலிங்டனின் குழுவில் இருந்தவர். அத்தகையோர் ஊதிய இசை, நியூயோர்க்கில் ஒலித்தது போலவே நம் தீவின் கரையிலும் ஒலித்தது.

தலவிலையில் வாழும் எனக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. எமது புத்தளம் மாவட்டத்துச் சிரம்பியடியில், போர்த்துக்கேயர் முதலிய அந்நியர் காலத்திற் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். மாஞ்சா என்னும் அவர்தம் பாட்டையும் தாளத்தையும் கேட்டவர்க்கு, அடிமைக் கப்பல்கள் மேற்றிசைக்கு மட்டும் ஓடவில்லை என்பது விளங்கும்.

யுத்த காலத்தில் வெதர்போர்ட் கல்கத்தாவின் கிராண்ட் விடுதியில் நிலைகொண்டார். 1942 இற் பர்மா யப்பானியர் கைப்பட்டபோது தப்பிவந்த கிளாரினெட் கலைஞர் ரூபன் சொலமனும் கிட்டார்க் கலைஞர் செட்ரிக் வெஸ்டும் அங்கே அவருடன் சேர்ந்தனர். அமெரிக்கப் படையினருக்கான வானொலியிலும் அவரது வாசிப்பு ஒலித்தது. கல்கத்தாவிற் பதித்த தட்டுக்களிற் பெரும்பாலானவை நடனத்துக்கும் பாட்டுக்கும் உரியவை. அவரது முழு ஆற்றலை அவற்றில் தேடுதல் வீண். பரிசுத் தட்டுக்களையே நான் முதலிற் கேட்கச் சொல்வேன். இடக்கையின் அகன்ற பாய்ச்சலும் வலக்கையின் துடுக்கும் அவற்றில் தெளிவாகத் துலங்கும்.

1943 இல் வங்காளப் பஞ்சம் வந்தது. விடுதியினுள்ளே நடனமும் வெளியே நடைபாதையிற் பிணமுமாக இருந்த நகரில் அவர் தொடர்ந்து வாசித்தார். அந்நகரின் பழைய பிணியாகிய வாந்திபேதி 1945 ஏப்ரலில் அவரையும் பற்றியது. அம்மாதம் 25 ஆம் நாள் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்று.