மாறுகண்ணை நேராக்கிய டீபன்பாக்

மனிதன் முகத்தை நோக்குவோர் முதலில் நோக்குவது அவன் கண்ணையே. அக்கண் நூலளவு விலகி நிற்பினும் உலகம் அவனுக்கொரு பட்டப்பெயரைச் சூட்டிவிடுகின்றது. முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நின்று பழகிய யான், இடாப்பிலுள்ள பெயர் மறைந்து வாக்குக்கண்ணன் என்னும் பெயரே நிலைத்துவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கின்றேன். மாறுகண் அதிர்ஷ்டமென்று கூறி வாளாவிருந்த பெற்றோரையும் கண்டிருக்கின்றேன். அது அதிர்ஷ்டமுமன்று, தெய்வக்குற்றமுமன்று. தசையும் நரம்பும் பற்றியதொரு குறையே. அக்குறையைச் சத்திரசிகிச்சையால் திருத்தலாம் என்று உலகுக்குச் செய்துகாட்டியவர் டீபன்பாக் என்னும் ஜேர்மானிய வைத்தியர். பெருவெற்றியும் பெருந்தவறும் அவர் வாழ்வில் ஒருங்கே அமைந்தன. இரண்டும் நாம் கற்கத்தக்கனவே.

ஜோஹான் பிறீட்றிக் டீபன்பாக் 1792ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆந் திகதி, அந்நாளிற் பிரஷ்ய நாட்டைச் சார்ந்திருந்த கொனிங்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மைந்தர் முதலிற் கற்றது சமய சாத்திரம். நெப்போலியனை எதிர்த்து ஜேர்மானியர் போர் தொடுத்தபோது ஏட்டை வைத்துவிட்டுப் படையிற் சேர்ந்தார். போர் முடிந்தபின் அவர் உள்ளம் வைத்தியத்தை நாடிற்று. 1822இல் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். உடலின் ஒரு பாகத்தை மற்றோரிடத்தில் ஒட்டி வளர்த்தலே அவர் அங்கு ஆராய்ந்த பொருள்.

1829 முதல் பேர்லினிலுள்ள சாரிற்றே வைத்தியசாலையிற் பணியாற்றினார். நெற்றித்தோலைத் திருப்பி மூக்கமைக்கும் பாரததேசத்து முறை ஐரோப்பாவிற் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. மூக்கும் உதடும் இமையும் சிதைந்தோர்க்கு அவற்றைப் புதிதாக அமைத்துக் கொடுப்பதில் டீபன்பாக் இணையற்று விளங்கினார். நகரத்துச் சிறுவர் அவர்மேற் பாட்டுக் கட்டிப் பாடுமளவுக்கு அவர் புகழ் ஓங்கிற்று.

இனிக் கண்ணின் செய்திக்கு வருவோம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். இவை ஒத்திசையாவிடத்துக் கண் ஒருபுறம் சாயும். இரண்டு கண்களும் வெவ்வேறு திசையை நோக்கினால் காட்சி இரட்டிக்குமன்றோ? அதனைத் தவிர்க்கச் சிறுபிள்ளையின் மூளை சாய்ந்த கண்ணின் காட்சியைப் புறக்கணிக்கும். நாளடைவில் அக்கண்ணின் பார்வையே மங்கிவிடும். ஆகவே இஃது அழகைப்பற்றிய வழக்கு மாத்திரமன்று.

ஹனோவர் நகரத்து ஸ்ரோமையர் என்பார், குதிநாணை அறுத்துக் கோணற்காலை நிமிர்த்தியவர். கண்தசையையும் அவ்வாறே அறுக்கலாமென்று பிணத்திற் செய்துபார்த்து 1838இல் எழுதினார். உயிருள்ள கண்ணில் அதனைச் செய்யத் துணிந்தவர் டீபன்பாக்.

1839ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அவர்முன் கொண்டுவரப்பட்டான். அவன் கண் மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஈதர் என்னும் மயக்கமருந்து சத்திரசிகிச்சைக்குப் பயன்படுமென உலகறிந்தது 1846இலேயே. ஆதலால் அப்பாலகன் நோவை முற்றும் உணர்ந்திருந்த நிலையிலேயே கண்ணின் உட்புற நேர்த்தசை அறுக்கப்பட்டது. கண் நேராயிற்று. மூன்று நாட் கழித்துப் பிரசெல்ஸ் நகரிற் கியூனியே என்பாரும் இவ்வகைச் சிகிச்சையொன்றைச் செய்தார். 1842இல் டீபன்பாக் தம் நூலை வெளியிட்டபோது அவர் கைப்பட்ட நோயாளர் தொகை ஏறத்தாழ 1200.

வெற்றி மிகுந்தவிடத்தே தவறும் முளைத்தது. மாறுகண் தசையின் இழுப்பால் வருவதாயின் திக்குவாயும் நாத்தசையின் இழுப்பால் வருவதாகலாம் என்று அவர் எண்ணினார். 1841இல் நாவின் அடியை ஆப்புவடிவில் வெட்டலானார். பிற நாட்டாரும் இதனைப் பின்பற்றினர். நோயாளர் துன்புற்றனரேயன்றித் திக்கல் தீரவில்லை. முறை விரைவிற் கைவிடப்பட்டது. உவமை ஒரு பொருளை விளக்கத் துணைசெய்யும், அதனை நிறுவும் சான்றாகாது என்று யான் இலக்கண வகுப்பில் அடிக்கடி கூறுவதுண்டு. அவ்விதி வைத்தியருக்கும் உரியதுபோலும்.

கண்ணிலும் குறை தோன்றிற்று. முழுவதும் அறுபட்ட தசை பின்னோக்கிச் சுருங்கியமையால், உட்சாய்ந்த கண்கள் பல பின்னர் வெளிப்புறம் சாய்ந்தன. டீபன்பாக் 1847ஆம் ஆண்டு, ஈதரைப்பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டபின், நவம்பர் 11ஆந் திகதி பேர்லினிலே திடீரென உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் விட்ட குறையைத் தீர்த்தவர் அல்பிறெக்ற் வொன் கிறேபே. இவருடைய தந்தையாரின் பதவியையே 1840இல் டீபன்பாக் ஏற்றிருந்தார். மைந்தர் 1850க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், தசையின் நடுவை அறுக்காது, கண்ணோடு அது பொருந்துமிடத்தில் நாணை மாத்திரம் விடுவித்து, சூழ்ந்த சவ்வுகளைக் காத்து, சாய்வின் அளவுக்கேற்பச் செய்யும் முறையை வகுத்தார். முன்னவர் துணிவைத் தந்தார்; பின்னவர் அளவைத் தந்தார்.

இன்று தசையை மில்லிமீற்றர்க் கணக்கில் அளந்து, பின்தள்ளியோ குறுக்கியோ தைக்கின்றனர். கண்மணி ஓயாது ஆடுதலால் தலையைத் திருப்பியே பார்ப்போர்க்கும், பிறவியில் நரம்பு பிறழ்ந்தமையாற் கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கவியலாத அரிய நோயினர்க்குங்கூடத் தக்கவிடத்து இச்சிகிச்சை உதவுகின்றது. எல்லா மாறுகண்ணுக்கும் கத்தி வேண்டுவதில்லை. சிலர்க்குக் கண்ணாடியே போதும். மங்கிய கண்ணுக்குப் பயிற்சியளிக்க நல்ல கண்ணைச் சிலகாலம் மூடி வைப்பதுமுண்டு. ஆனால் எச்சிகிச்சையும் இளமையிற் செய்தாலே பார்வை நன்கு மீளும். பிள்ளையின் கண் சாய்ந்திருக்கக் கண்ட பெற்றோர் அதிர்ஷ்டத்தை எண்ணிக் காத்திராது, கண்வைத்தியரிடம் காலந்தாழ்த்தாது காட்டுதல் கடன். ஆசிரியராகிய நாமும் அப்பிள்ளையை அவன் பெயர் சொல்லியே அழைப்போமாக.