இராமலிங்க அடிகளாரின் இளமைத் தவம்

உலக ஆரவாரத்தினின்று நீங்கித் தனியிடம் நாடி இறைவனை வழிபடுதல் துறவிகட்கும் முதியோர்க்குமே உரியதென்று பலர் கருதுவர். அதுவும் திருமடத்திலோ மலைக்குகையிலோ அன்றி இல்லத்திலே கைகூடாதென்பாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தாவென்பதைச் சிதம்பரம் இராமலிங்க அடிகளாரின் இளமை வரலாறு நன்கு விளக்கும். பிற்காலத்து அடிகளைப்பற்றிச் சைவருள் கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் அவ்விளமையை ஆராயாது பிற்காலத்தை அளத்தல் வேரை நோக்காது கிளையை அளத்தல் போலாம்.

அடிகளார் 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள், தில்லைக்கு வடமேற்கேயுள்ள மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை. அவ்வூர்க் கணக்கு வேலை பார்த்துச் சிறார்க்கு எழுத்தறிவித்தும் வந்தவர். தாயார் சின்னம்மையார். மக்கள் ஐவருள் இவரே இளையவர். ஐந்தாந் திங்களில் பெற்றோர் குழந்தையைத் தில்லைக்கு எடுத்துச் சென்று சிற்சபையில் நிறுத்தியபோது, திரை தூக்கப்பட்டவுடன் அது வாய்விட்டு நகைத்ததென்பர். இதனை அடிகளே பிற்காலத்தில் நினைந்து பாடியுள்ளார். சில திங்களில் தந்தையார் காலமானார்.

கணவரை இழந்த சின்னம்மையார் மக்களோடு தம் பிறந்தகமாகிய சின்னக்காவணத்தை அடைந்தார். அது பொன்னேரியை அடுத்த சிற்றூர். பொன்னேரியைத் தழுவி வரும் ஆரணியாறு கிழக்கே சென்று பழவேற்காட்டு ஏரியில் கலக்கின்றது. அவ்வுப்பங்கழியின் கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் உள்ளன. மீன்பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்னும் முறையால் தம்முள் வகுத்து, ஒருவர் பிழைப்பை ஒருவர் கெடாமல் காத்துக்கொள்ளும் வழக்கம் அவ்வூரார்க்கு நெடுநாளாக உண்டு. 1613 இல் அங்கே கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விட்டு நீங்கியது 1825 இல். ஏறக்குறைய அக்காலத்தேதான் தந்தையற்ற அக்குழந்தை அப்பக்கத்தில் தாயின் மடியில் வளர்ந்தது. அவ்வூர் வாழ்வு நெடிது நிகழவில்லை. பிழைப்பை நாடிக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமி பிள்ளை தெருவில் குடியேறிற்று.

அங்கே குடும்பப் பாரம் தமையனார் சபாபதி பிள்ளையின் தோள்மேல் விழுந்தது. அவர் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் பயின்று, புராண விரிவுரை செய்து பொருளீட்டினார். தம்பியும் கற்றுத் தம்மைப்போல் பிழைக்கவேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவர் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பாடம் சொல்லவேண்டிய முதலியாரும் அப்பாட்டைக் கேட்டு, இவருக்குத் தாம் கற்பிக்கவேண்டுவது யாதுமில்லையென விடுத்தார் என்ப. தமையனாரோ சினந்து, வீட்டில் உணவிடலாகாதெனக் கட்டளையிட்டார். தமையனார் மனைவியார் பாப்பாத்தியம்மையார் எவரும் அறியாமல் கொல்லைப்புறத்தில் அன்னமிட்டு வந்தார். தமையனாரை இதற்காகக் கொடியவரென இகழ்தல் கூடாது. வறுமையிலே பலரைத் தாங்குபவர்க்குக் கல்லாத தம்பியால் எழும் கவலை எளிதன்று.

பின்னர், அம்மையார் கண்ணீரால் நெகிழ்ந்த சிறுவர் வீட்டிலேயே இருந்து படிப்பதாக இசைந்து, மேன்மாடத்தில் ஓர் அறையைப் பெற்றார். புத்தகங்களோடு ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும் அவ்வறைக்குட் சென்றன. அப்போது அவருக்கு ஒன்பதாம் அகவை. கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி, மாலை சாத்தி, கதவையடைத்து நெடும்பொழுது அமர்ந்திருப்பார். ஒருநாள் அக்கண்ணாடியில் தணிகை முருகன் திருவுருவம் தோன்றக் கண்டார். அவ்வனுபவத்தையும் அவர் பாடல்களே கூறுகின்றன. கீழே அடுப்படியோசையும் வெளியே சென்னைத் தெருவின் இரைச்சலும் நிகழ, இடையே ஓர் அறையே அவருக்குத் தவச்சாலையாயிற்று.

ஈண்டுச் சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு ஓர் ஐயம் எழும். மானிட குருவின்றி ஞானம் கூடுமோ என்பது அது. உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படும் என்றும், முதல்வகையார்க்கு உள்நின்றும், இரண்டாம் வகையார்க்குத் தன்னுருக்காட்டி முன்நின்றும், சகலர்க்குக் குருவடிவில் மறைந்தும் இறைவன் அருள்வான் என்றும் நம் நூல்கள் வகுக்கும். அடிகளார் தமக்கு ஓதாதுணர்த்தியவன் இறைவனே எனப் பலவிடத்தும் கூறுகின்றார். அவரை எவ்வகையில் வைப்பது என்பதை அறிஞர் ஆய்க. ஒன்றுமட்டும் தெளிவு: அத்தனியிருக்கை நூற்பயிற்சியை இகழ்ந்த சோம்பலன்று. அதன் பயன் விரைவிலேயே புலனாயிற்று.

முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் இல்லத்தில் சபாபதி பிள்ளை பெரியபுராண விரிவுரை நிகழ்த்தி வந்தார். ஒருநாள் உடல்நலங் குன்றவே, இரண்டொரு பாடல் மட்டும் படித்து வருமாறு தம்பியை அனுப்பினார். திருஞானசம்பந்தர் புராணத்தில் ஒரு பாட்டை எடுத்துச் சிறுவர் நள்ளிரவு வரையில் பொருள் விரித்தார். கேட்டோர், இனி இவரே தொடர்ந்து சொல்லவேண்டுமென வேண்டினர். மறைந்துநின்று கேட்ட தமையனாரும் தம்பியின் தகுதியறிந்து உருகினார் என்பது வரலாறு. விரிவுரையால் வரும் புகழையும் பொருளையும் அவர் பெரிதாக நாடவில்லை என்பதே நாம் குறிக்கத்தக்கது.

பன்னிரண்டாம் அகவை தொடங்கி 1858 இல் சென்னையை விட்டு நீங்கும்வரை, நாலைந்து கல் தொலைவிலுள்ள திருவொற்றியூருக்கு நடந்துசென்று வழிபடுவதை நியமமாகக் கொண்டார். ஒற்றியூரும் கடற்கரைக் குப்பங்கள் சூழ்ந்த பதியே. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரை மணந்ததும், கலியநாயனார் திருவிளக்குப் பணி செய்ததும், பட்டினத்தடிகள் சமாதி கொண்டதும் அங்கே. தியாகேசரையும் வடிவுடையம்மையையும் பாடிய அடிகளார் பாடல்களுள் வடிவுடை மாணிக்கமாலை இன்றும் பலரால் ஓதப்படுகின்றது. ஓரிரவு காலந்தாழ்ந்து வந்து, அண்ணியாரை எழுப்ப மனமின்றித் திண்ணையிற் பசியோடு கிடந்த அவருக்கு, வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதளித்தாள் என அன்பர் போற்றுவர். அது எங்ஙனமாயினும், பசித்தவனுக்கு இரவில் சோறு எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே உடம்பால் உணர்ந்தவர்.

1850 இல் உற்றார் வற்புறுத்தலால் தமக்கையார் மகளை மணந்தாரெனினும் இல்லறத்தில் உள்ளம் பற்றவில்லை. 1851 இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1858 க்குப் பின் தில்லையை வழிபட்டுக் கருங்குழியில் தங்கினார். 1865 இல் சங்கம் நிறுவி, 1867 மே 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அவியாது வருவோர்க்கு அன்னம் அளிக்கின்றது.

அவ்வாண்டிலேயே அவர் பாடல்கள் திருமுறை வகுப்போடு திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தன. ஆறுமுகநாவலர் அதனை மறுத்தெழுந்ததும், வழக்கு மன்றம் ஏறியதும் அறிஞர் அறிந்தனவே. திருமுறை என்னும் பெயரின் மாட்சியைக் காக்க நாவலர் கொண்ட கவலை சைவர் மறக்கற்பாலதன்று. அடிகளாரும் தம்மை இராமலிங்கசாமி என வழங்குதலை விரும்பாதவர் என்பது அவர் கடிதங்களால் விளங்கும். 1873 இல் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில், முன்னர்த் தமக்குச் சைவத்தில் இருந்த பற்றையும் விட்டதாக அவர் உரைத்தார். அவ்விடத்தில் நாம் அவரோடு உடன்படல் இயலாது. 1874 சனவரி 30 ஆம் நாள் அங்கே சித்திவளாகத்து அறைக்குட் புகுந்து கதவடைத்துக்கொண்டார். மீண்டு வெளிவரவில்லை.

எனினும், சிறுவராய்க் கதவடைத்த அறைக்கும் இறுதியிற் கதவடைத்த அறைக்கும் இடையே, எவர்க்கும் அடையாத ஒரு சாலையை அவர் திறந்து வைத்தார் என்பதை மறத்தல் நன்றிகொன்றதாகும். கொல்லாமையை உயிர்போல் ஓம்பி, புலாலுண்போரைப் புறவினத்தார் எனப் பிரித்தவர் அவர். அங்ஙனம் பிரித்தவரே, பசி என்று வந்தவர் எவராயினும் அவர் பசியைத் தீர்க்கவேண்டும் என விதித்தார். வலைவீசி வாழும் பழவேற்காட்டுக் குடியில் ஒருவன் பசித்துச் சென்றாலும் அச்சாலையில் குலமும் தொழிலும் வினவாது சோறிடுவர். கொள்கையில் தளராமையும் இரக்கத்தில் எல்லையின்மையும் ஒருவரிடத்தே பொருந்தியது அரிதினும் அரிது.

தனியிருந்து பெற்ற அருள் பிறர் பசிக்கு உருகுவதாய் முதிர்ந்ததா என்பதே அத்தனிமையை அளக்கும் கோலாகும். இன்று நம் திருமடங்களிலே சின்னாள் தங்கிப் பயில வரும் இளைஞரிடம் நாம் மந்திரமும் சாத்திரமும் கற்றனையோ என வினவுகின்றோம். ஊர்க்குத் திரும்பியபின் யார் பசியை ஆற்றினை என்றும் வினவுவோமாக. மாகேசுர பூசையை வழிவழி போற்றிவரும் நம் மரபுக்கு அவ்வினா புதியதன்று.