ஹார்விபுரம் கண்ட பேராசிரியர்

நம் சங்கத்தின் விழா எதுவாயினும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குதல் மரபு. அவ்வாழ்த்திற்கு எழுந்து நிற்கும் நம்மில் பலர், அதனை யாத்த பெருமகனார் இதே திருவனந்தபுரத்தில் கற்று, இதே நகரில் கற்பித்து, இங்கேயே உயிர் நீத்தவர் என்பதை எண்ணுவதில்லை. அவரே பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நமக்கு, அப்பெரியாரின் புலமையை அளந்து கூறும் தகுதி இல்லை. ஒரு சிறு கல்லூரி அவர் வாழ்வில் செய்த வேலையை மட்டும் இங்குச் சொல்ல விழைகின்றோம்.

அக்கல்லூரியின் வேர் நாகர்கோவிலில் இருக்கிறது. 1834-ஆம் ஆண்டில் மகாராஜா சுவாதித் திருநாள் அவ்வூரில் கிறிஸ்தவ மிஷனார் நடத்திய செமினாரியைக் கண்டு வியந்தார். அங்குக் கற்பித்து வந்த ராபர்ட்ஸ் என்பாரை அழைத்துத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கச் செய்தார். நாகர்கோவில் செமினாரி பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. திருவனந்தபுரத்துப் பள்ளியோ 1866-இல் ராஸ் துரையின் தலைமையில் மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்குவது அதுவே. மிஷன் விதையாக வந்தது அரசர் தோட்டத்தில் மரமாயிற்று என்னலாம்.

சுந்தரனார் 1855-இல் ஆலப்புழையில் பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். மகாராஜா கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. தேர்ந்தார். ஆங்கே தத்துவம் கற்பித்தவர் ராபர்ட் ஹார்வி. ஆசிரியர் கடல் கடந்து வந்த கிறிஸ்தவர். மாணவரோ சைவ நெறியில் ஊறிய தமிழர். மாணாக்கர் தொகை சிறிதாயிருந்த அந்நாட் கல்லூரியில் ஆசிரியரின் பார்வைக்கு எவரும் தப்ப இயலாது. இளைஞரின் அறிவுக் கூர்மையை ஹார்வி கண்டுகொண்டார். அந்த உறவு பிறகு இருவரையும் விட்டு நீங்கவே இல்லை.

1877-இல் சுந்தரனார் திருநெல்வேலி சென்று, பிற்காலத்தில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் தலைமையை ஏற்றார். (ரயில்வே ஊழியராகிய நாம் ஒன்றைக் குறிக்காமல் இருக்க இயலவில்லை. திருநெல்வேலிக்கு 1876-லேயே இருப்புப் பாதை வந்துவிட்டது. திருவனந்தபுரத்திற்கு அது 1918-இல்தான் வந்தது. பேராசிரியர் தம் ஊருக்கு ரயிலில் வந்து இறங்கியதே இல்லை.) அங்கேதான் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகப் பெற்றார். ஒரு குரு மேனாட்டுத் தருக்கத்தையும், மற்றொரு குரு வேதாந்த சித்தாந்தத்தையும் அளித்தனர்.

1879-இல் ஹார்வியின் விருப்பப்படி மீண்டும் தம் கல்லூரிக்கே ஆசிரியராய் வந்தார். 1880-இல் எம்.ஏ. தேர்ந்தார். திருவிதாங்கூரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே என்பதால், ஊரார் இவரை எம்.ஏ. பிள்ளை என்றே அழைத்தனர். இடையில் சில ஆண்டுகள் அரசாங்கத்தின் வருவாய்த் துறையிலும் பணிபுரிந்தார். அதிலேயே நீடித்திருந்தால் செல்வாக்குள்ள அதிகாரியாய் முடிந்திருப்பார், தமிழுக்கு நட்டமாகியிருக்கும். 1885-இல் ஹார்வி தாயகம் செல்லவே, ஆசிரியர் அமர்ந்த நாற்காலியில் மாணவர் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே இந்நகரில் சைவப் பிரகாச சபையையும் நிறுவினார்.

1891-இல் மனோன்மணீயம் வெளிவந்தது. லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவி, ஐந்து அங்கங்களாய் அகவற்பாவில் அமைந்த நாடகம் அது. பாண்டியன் மகளும் சேர மன்னனும் கனவிற் கண்டு காதல் கொள்கின்றனர். நாஞ்சில் நாட்டைக் காரணம் காட்டிக் குடிலன் என்னும் அமைச்சன் போர் மூட்டுகிறான். 1956-இல் அதே நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை அறிந்த நமக்கு, இக்கதை வெறுங் கற்பனையாய்த் தோன்றவில்லை. நாடகத்தில் வழிகாட்டும் சுந்தர முனிவர், கோடகநல்லூர்க் குருவின் நிழல் என்பர். நூலையோ ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். இரு குருமாருக்கும் ஒரே நூலில் இடம் தந்துவிட்டார்.

திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கூறியிருந்தார் கால்டுவெல் பாதிரியார். அது பொருந்தாது, சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிந்தியதன்று என்று சான்றுகள் காட்டி நிறுவினார் நம் பேராசிரியர். மேனாட்டாரிடம் கற்ற ஆராய்ச்சி முறையைக் கொண்டே மேனாட்டாரின் கருத்தை மறுத்தது நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கிறது. கற்பித்தவரை வணங்குவதும், கண்ட பிழையைத் திருத்துவதும் அவருக்கு ஒன்றோடொன்று முரணாகவில்லை. வேணாட்டு மன்னர்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, திருவிதாங்கூரின் பண்டை அரசர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். 1896-இல் ராவ் பகதூர் பட்டம் வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், நீரிழிவால் நலிந்து, 42 வயதிலேயே மறைந்தார். ஒரே மைந்தர் நடராஜன் அப்போது ஆறு வயதுப் பாலகர்.

பேரூர்க்கடையில் தாம் எழுப்பிய இல்லத்திற்குச் சுந்தரனார் இட்ட பெயர் ஹார்விபுரம். குலதெய்வத்தின் பெயரையோ தந்தையின் பெயரையோ இடுவது நம் வழக்கம். அவர் ஆசிரியரின் பெயரை இட்டார். பி.எஸ். நடராஜ பிள்ளை வளர்ந்து மக்களாட்சிப் போராட்டத்தில் இறங்கவே, திவான் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் அச்சொத்து பறிமுதலாயிற்று. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராகவும், 1962-இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர், அதனைத் திரும்பப் பெறாமலே 1966-இல் காலமானார்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் பேரூர்க்கடை சென்று, ஹார்விபுரம் எங்குள்ளது என்று தேநீர்க் கடைக்காரரிடம் வினவினோம். அப்பெயரை அவர் கேள்வியுற்றதில்லை. சுந்தரம் பிள்ளையின் மகன் வாழ்ந்த இடம் என்றோம். உடனே முகம் மலர்ந்து, நடராஜ பிள்ளையின் பெயர் தாங்கிய அரசுப் பள்ளிக்கு வழி காட்டினார். நாம் சென்றபோது பள்ளியின் வாயில் பூட்டியிருந்தது. சற்று நேரம் வெளியே நின்றுவிட்டு, தம்பானூர் செல்லும் பேருந்தில் ஏறினோம்.