செஞ்சிக்கு வந்த சிறு குதிரை

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குப் பேருந்தில் செல்லும் நண்பர்கள், சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால், ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். ஏரிகளும் நெல் வயல்களும் பின்னே செல்லச் செல்ல, பாறையின்மேல் பாறை அடுக்கியது போன்ற குன்றுகள் எதிரே எழும். அவற்றுள் உயர்ந்து நிற்பது இராசகிரிக் கோட்டை. செஞ்சி என்றதும் நம் நெஞ்சில் எழுபவன் தேசிங்குராசன். எவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அவன் அடக்கிய கதையை நாட்டுப்பாடலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த இளைஞன் 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான்.

அவனுக்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வேறொருவர் அதே கோட்டைக்குள் நுழைந்தார். அவரது படை ஏறிவந்த குதிரைக்கு நம் நாட்டுப்பாடலில் பெயரில்லை. அது உயரமான குதிரையுமன்று. பார்த்தவர் வியக்கும் அழகுக் குதிரையுமன்று. ஆனால் நெடுவழிக்கு எந்தக் குதிரை ஏற்றது என்ற கேள்விக்கு, இந்திய வரலாற்றில் அவரைப்போல் தெளிவாக விடை கண்டவர் சிலரே. அவர்தாம் சத்திரபதி சிவாஜி. அவருடைய வாளைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் பாடநூலில் படித்திருக்கிறோம். அவர் நம்பிய குதிரையின் வழியாக அவர் வாழ்வைச் சற்றே நோக்குவோம்.

பீமா நதிக்கரையில்

சிவாஜி 1630-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சிவனேரிக் கோட்டையில் பிறந்தார். தந்தை சாகாசி போன்சுலே பிற்காலத்தில் பீசப்பூர் சுல்தானின் பணியில் தென்னாட்டில் இருந்தார். தாய் சீசாபாயின் வளர்ப்பில் புனே சாகிரில் சிறுவன் வளர்ந்தான். மேற்கே சகயாத்திரி மலை. கிழக்கே மழை குறைந்த, கல் நிறைந்த மேட்டு நிலம். அந்த மேட்டு நிலத்தில் ஓடுவது பீமா நதி. அதன் கரையில் வளர்ந்த குதிரைக்குப் பீமதடி என்று பெயர். தடி என்பது மராத்தியில் கரையைக் குறிக்கும். தக்காணிக் குதிரை என்றும் அதனை வழங்குவர்.

நான்கு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமே உடைய குதிரை அது. நாட்டுக் குதிரையோடு அரபுக் குதிரையின் இரத்தமும் கலந்து பல தலைமுறைகளில் உருவானது. குளம்பு கெட்டியானது. காய்ந்த புல்லைத் தின்று உயிர் தாங்கும், வெயிலில் நடக்கும், செங்குத்தான மலைப்பாதையில் கால் தவறாது ஏறும். இன்றும் தங்கர் என்னும் ஆயர் குலத்தார் ஆட்டுமந்தையோடு ஊர் ஊராகப் பெயரும்போது தட்டுமுட்டுச் சாமான்களை இக்குதிரைமேல் ஏற்றிச் செல்கின்றனர். அண்மையில்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சித் துறை இதனைத் தனி இனமாகப் பதிவு செய்தது. சிவாஜி அறிந்திருந்ததை அலுவலகப் பதிவேடு அறிய மூன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கடைசி வரிசையிலிருந்து

அக்காலத்தில் குதிரையின் மதிப்பு அதன் பிறப்பிடத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. அக்பரின் ஆட்சியை விளக்கும் ஆயினி அக்பரி குதிரைகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது. முதலிடம் அரபுக் குதிரைக்கு, அடுத்தது பாரசீகத்துக்கு, பின்னர்த் துருக்கி முதலியன. கடைசி இரண்டு இடங்களே இந்நாட்டில் பிறந்த குதிரைகளுக்கு.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியாகக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் வரலாறே குதிரை வாங்கப் பாண்டியன் பொன் கொடுத்தனுப்பியதில்தான் தொடங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபுக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் பெரும்விலைக்கு வந்ததையும், அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் எழுதியுள்ளார். இங்கே லாடம் அடிப்பார் இல்லை. நோய் பார்ப்பார் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தனர் என்பது அவர் கூறும் காரணம். பொன்னைக் கொட்டி வாங்கிய புகழ்பெற்ற குதிரை, பேணத் தெரியாத கையில் பிணமாயிற்று!

சிவாஜிக்கு அரபுக் குதிரையின்மேல் வெறுப்பில்லை. 1657-இல் சுன்னர் நகரைத் தாக்கியபோதும், 1659-இல் பிரதாபகட் அருகே அப்சல்கானை வீழ்த்தியபோதும் பகைவரின் குதிரைகளைக் கவர்ந்து தம் படையில் சேர்த்தார். ஆனால் படையின் முதுகெலும்பாக அவர் கொண்டது நாட்டுக் குதிரையையே. காரணம் எளியது. அவர் சென்ற வழிக்கு அதுவே பொருந்தியது.

பெரிய குதிரைக்குக் கொள்ளும் தானியமும் தாராளமாக வேண்டும். அவற்றைச் சுமக்க மாடும் வண்டியும் வேண்டும். அவை நகரும் வேகத்திற்குமேல் படை நகர முடியாது. சிறு குதிரை வழியில் கிடைத்ததை மேயும். உடல் சிறிதாயின் வெப்பம் விரைவில் வெளியேறும். ஆகவே வெயிலில் எளிதில் தளராது. தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குதிரை நெடுந்தொலைவு சுமக்கலாம் என்பது இன்றைய குதிரை வல்லுநர் கூறும் பொது அளவு. ஆகவே சிறு குதிரைக்கு எடை குறைந்த வீரனே தக்கவன். மராத்தியன் கனத்த கவசம் அணிவதில்லை. கூடாரமும் பெருமூட்டையும் கொண்டு செல்வதில்லை. சிவாஜியும் உயரம் குறைந்தவரே என்று, 1664-இல் சூரத்திலிருந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்துள்ளார்.

ஒன்றைத் தேர்ந்தால் அதன் குறையையும் ஏற்கத்தான் வேண்டும். சமவெளியில் முகலாயரின் பெருங்குதிரைப் படை நேரே பாய்ந்து வந்தால் இச்சிறு குதிரை எதிர்நிற்க இயலாது. இதை உணர்ந்த சிவாஜி, குதிரைக்கு ஏற்பப் போர்முறையை மாற்றிக்கொண்டார். திடீரெனத் தோன்றுவது, தாக்குவது, மறைவது என்பதே அம்முறை. 1664 சனவரியில் சூரத்து நகரத்தார் அவர் வருவதை அறிந்தபோது, அவர் ஏறத்தாழ வாயிலுக்கே வந்துவிட்டார்.

லாடமும் புல்லும்

நல்ல குதிரையைத் தேர்ந்துவிட்டால் போதுமா? பாண்டிய நாட்டில் நேர்ந்த பிழை மராத்திய நாட்டில் நேரவில்லை. சிவாஜியின் குதிரைப்படையில் இருவகை வீரர் இருந்தனர். அரசின் குதிரையில் ஏறியோர் பார்கீர்; சொந்தக் குதிரையோடு வந்தோர் சிலேதார். 25 வீரருக்கு ஒரு அவல்தார். அந்த 25 பேருக்குத் தண்ணீர் சுமக்க ஒருவர், லாடம் அடிக்க ஒருவர் என வகுத்திருந்தார். மழைக்காலத்தில் குதிரைகள் முகாமுக்குத் திரும்பி ஓய்வு கொள்ளும். தசரா முடிந்ததும் புறப்படும். படையோடு பெண்டிர் செல்லலாகாது என்பது கண்டிப்பான விதி.

சிப்ளூண் பகுதி முகாமிலிருந்த தம் அதிகாரிகளுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த புல்லையும் தானியத்தையும் இப்போதே தீர்த்துவிட்டால் பின்னர்க் குதிரைகள் பட்டினியால் சாகும் என்று எச்சரிக்கிறார். அப்போது வீரர்கள் குடியானவரிடம் பறிக்கத் தொடங்குவர். குடியானவர் முகலாயரையே மேல் என்று எண்ணுவர் என்றும் கவலைப்படுகிறார். எரியும் விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்றால் வைக்கோற்போர் பற்றிக்கொள்ளும், விழிப்பாயிருங்கள் என்றுகூட எழுதுகிறார். ஒரு நாட்டையே ஆள்பவர் எலியையும் வைக்கோலையும் நினைத்துப் பார்த்திருக்கிறார். அவர் குதிரை நெடுந்தூரம் ஓடியதன் மறைபொருள் இக்கடிதத்தில் இருக்கிறது.

செஞ்சியை நோக்கி

1674 சூன் 6-ஆம் நாள் இராய்கட்டில் முடிசூடிய சிவாஜி, தம் வாழ்வின் மிக நீண்ட படையெடுப்பைத் தெற்கு நோக்கி நடத்தினார். 1677-இன் தொடக்கத்தில் ஐதராபாத்து சென்று கோல்கொண்டா சுல்தான் அபுல் அசனோடு உடன்பாடு செய்தார். அங்கிருந்து கிருட்டிணையைக் கடந்து, சீசைலத்தில் வழிபட்டு, கடப்பை, திருப்பதி, காளத்தி வழியாகத் தமிழகம் புகுந்தார். மே மாதத்தில் செஞ்சி அவர் வசமாயிற்று. பீசப்பூர்த் தலைவன் அதைப் பெரும்போர் இன்றியே விட்டுக் கொடுத்தான். வேலூர்க் கோட்டையோ பதினான்கு மாத முற்றுகைக்குப் பின்னரே பணிந்தது. திருவதிகையருகே சேர்கான் லோடி தோற்றார். கொள்ளிடக் கரையில் தம்பி ஏகோசியைச் சந்தித்த சிவாஜி, அவ்வாண்டு முடிவதற்குள் மைசூர் மேட்டுநிலம் வழியே திரும்பலானார்.

மராத்திய நாட்டின் கல்லும் கள்ளியும் நிறைந்த மேட்டில் வளர்ந்த குதிரை, செஞ்சியின் கரும்பாறைகளையும் கோடை வெயிலையும் கண்டு மலைக்கவில்லை. சிவாஜியின் தொலைநோக்கு அவர் மறைந்தபின் விளங்கிற்று. 1689-இல் முகலாயருக்குத் தப்பிய அவர் மகன் இராசாராம், சிலரோடு மாறுவேடத்தில் தெற்கே விரைந்து இக்கோட்டையில்தான் அடைக்கலம் புகுந்தார். 1698 வரை மராத்திய அரசு இங்கிருந்து உயிர் வாழ்ந்தது. 2025-இல் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

புகழை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறாகாது. வழியில் கிடைத்ததை உண்டு செல்லும் படை என்றால், அந்த வழியில் இருந்த ஊரார் இழந்தனர் என்பதே பொருள். இப்பகுதி மக்களிடம் வரியாகவும் கொள்ளையாகவும் பறிக்கப்பட்டதை அக்காலத்துச் சேசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் கூறுகின்றன. சிப்ளூண் குடியானவருக்காகக் கவலைப்பட்ட நெஞ்சம், செஞ்சிக் குடியானவருக்காகவும் அதே அளவு கவலைப்பட்டது என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

சுமை

1679-இன் இறுதியில் சிவாஜி முகலாயரின் சால்னா நகரைச் சூறையாடினார். பெரும்பொருள் கிடைத்தது. அதைச் சுமந்து திரும்பும் படையின் நடை தளர்ந்தது. சங்கம்னேர் அருகே முகலாயர் எட்டிப் பிடித்தனர். சிதோசி நிம்பால்கர் என்னும் தளபதியும் வீரர் பலரும் மாண்டனர். ஒற்றர் தலைவர் பகிர்சி, அறியாத காட்டுவழியில் மூன்று இரவும் பகலும் அழைத்துச் சென்று சிவாஜியைப் பட்டா கோட்டையில் சேர்த்தார். அங்கு அவர் ஓய்வு கொண்டதால் அதற்கு விசிராம்கட் என்ற பெயர் வந்தது.

அதே நாட்டுக் குதிரைதான், அதே தலைவர்தாம். மாறியது சுமை ஒன்றே. வாழ்நாள் முழுதும் எடை குறைத்து வென்றவரை, இறுதியில் எடையே மடக்கிற்று.  நான்கைந்து திங்களில், 1680 ஏப்ரல் 3-ஆம் நாள், இராய்கட்டில் நோயுற்று மறைந்தார். அப்போது அவருக்கு வயது 50.

நண்பர்களே! இன்று உலகில் நெடுந்தூரக் குதிரையோட்டம் ஒரு விளையாட்டு. கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் போட்டியில் ஒரே நாளில் 100 மைல் மலைவழியைக் கடக்க வேண்டும். அங்கே அரபுக் குதிரைகளே மிகுதியாக வெல்கின்றன. பேணும் கையும் ஏற்ற உணவும் இருந்தால் அவற்றுக்கு நிகரில்லை. இடையிடையே மருத்துவர் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்தே குதிரையை மேலே விடுவர். மறுபுறம், சிஃபெலி என்னும் பள்ளி ஆசிரியர் 1925-இல் அர்சென்டினாவிலிருந்து புறப்பட்டு, மூன்றாண்டில் ஐக்கிய அமெரிக்கா வரை சென்றார். அவர் கொண்டு சென்றவை, பதினைந்து வயதை எட்டிய கிரியோல்லோ என்னும் நாட்டுக் குதிரைகள் இரண்டு. ஆகவே, உயர்ந்த குதிரை எது என்று கேட்பதைவிட, எந்த வழி, எவ்வளவு சுமை, யார் பேணுவார் என்று கேட்பதே சிறந்தது.

நம்மில் பலர் நம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள். நகரத்து மாணவரின் ஆங்கிலத்தையும் மிடுக்கையும் கண்டு, நம் ஊரையும் நம் மொழியையும் கடைசி வரிசையில் வைத்துக்கொள்கிறோம். அந்த வரிசையை எழுதியவர் யார், எந்த வழிக்காக எழுதினார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அடுத்த முறை பேருந்து செஞ்சிக் குன்றுகளை நெருங்கும்போது, பாராசாரியோடு அந்தப் பெயரில்லாச் சிறு குதிரையையும் நினைத்துக்கொள்வோம்.