படுக்கையில் கற்ற பாடம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அச்செல்வம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போர் எத்தனை பேர்? நம் பள்ளியில் படிப்பை முடித்துச் செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் அக்காமார் பலர். நோயாளியின் காய்ச்சலை மணிக்கு மணி குறித்து வைக்கும் அவர்களில் சிலர், காலை உணவு உண்ணாமலே வார்டுக்கு ஓடுவர். இரவுப் பணி முடிந்தும் கண்ணயராமல் வகுப்புக்குச் செல்வர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், எனக்கென்ன குறை என்று சிரிப்பர். தம் நலத்தைப் பற்றித் தாமே கொள்ளும் இந்த எண்ணம் சரிதானா? இதற்கு விடை தரும் ஒரு வாழ்க்கை நம் நெல்லைச் சீமையிலேயே உண்டு. அதுவே டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் அவரே மூத்தவர். சிறுமியாக இருந்தபோது தம் பழுப்பு நிறக் கண்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நீலக் கண்கள் வேண்டுமென்று செபித்துவிட்டு உறங்கினார். காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது அதே பழுப்புக் கண்களே தெரிந்தன! பிற்காலத்தில் சேலை உடுத்தி நம் ஊர்ப் பெண்களிடையே நடமாடியபோது, அக்கண்கள் அவரை அந்நியராகக் காட்டிக் கொடுக்கவில்லை. குறையென்று நினைத்ததே நிறைவாயிற்று.

அவரது உடல் என்றுமே வலுவானதன்று. நரம்பு வலி அவரை அடிக்கடி வாட்டியது. வாரக்கணக்கில் படுக்கவும் நேர்ந்தது. 1892-இல் சீனா செல்ல விரும்பினார். மருத்துவர் உடல்நிலையைக் காரணம் காட்டித் தடுத்துவிட்டார். மறு ஆண்டு ஜப்பானுக்குச் சென்றார். அங்கும் சுகவீனம் விடவில்லை. 1895-இல் பெங்களூருக்கு வந்தார். நல்ல தட்பவெப்பம் என்று கருதி அனுப்பப்பட்ட அவ்வூரிலும் காய்ச்சல்தான் அவரை வரவேற்றது! 1896-இன் இறுதியில் நெல்லைக்கு வந்தார். தமிழ் கற்றார், பண்ணைவிளையில் தங்கி, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். பின்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரே அவர் இல்லமாயிற்று. ஆலயங்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமியரும், ஆதரவற்ற குழந்தைகளும் அவரிடம் அடைக்கலம் புகுந்தனர். அனைவருக்கும் அவர் அம்மை ஆனார்.

தொடக்க காலத்தில் பச்சிளங் குழந்தைகளைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. நெய்யூரில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வயிற்றுப்போக்கு நோய் பரவிப் பல குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. அங்கே பொறுப்பேற்றிருந்த பொன்னம்மாள் என்னும் அரிய தோழியும் 1915-இல் புற்றுநோயால் இறந்தார். அன்பு மட்டும் போதாது, சுத்தமும் ஓய்வும் மருத்துவ அறிவும் வேண்டும் என்பதை இத்துயரங்கள் உணர்த்தின. 1917-இல் மலைமீது ஒரு காட்டுப்பகுதியை வாங்கி, பிள்ளைகளும் ஊழியரும் சென்று இளைப்பாற வழி செய்தார். உழைப்பவருக்கு ஓய்வும் கடமையே என்பதற்கு அந்தக் காடு சாட்சி. பின்னர் டோனாவூரில் எழுந்த மருத்துவமனைக்குப் பரம சுக சாலை என்று பெயர் வைத்தனர். நோயின் பெயரால் அழைக்காமல் சுகத்தின் பெயரால் அழைத்தது எவ்வளவு பொருத்தம்! அம்மையாரின் இல்லத்தில் வளர்ந்த பெண்களே அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவப் பணிக்கென அமர்த்திய வீட்டைப் பார்க்கச் சென்றார் அம்மையார். மாலை மங்கிய நேரம். புதிதாகத் தோண்டிய குழி கண்ணுக்குத் தெரியவில்லை. தவறி விழுந்தார்; கால் முறிந்தது. விரைவில் நடப்போம் என்றே நம்பினார். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு நோய்களும் வந்து சேர்ந்தன. அறுபத்து மூன்று வயது வரை ஓடியாடி உழைத்தவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே கிடந்தார்.

இதுவரை பிறரைக் கவனித்தவர் இப்போது பிறரால் கவனிக்கப்பட்டார். நலமுள்ளவர்கள் எழுதிய ஆறுதல் நூல்கள், உறங்காத இரவில் தமக்கு உதவவில்லை என்று கண்டார். எனவே வலி மறந்துபோகுமுன், நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூல் எழுதினார். ரோஸ் ஃப்ரம் ப்ரையர் என்னும் அந்நூல் 1933-இல் வெளிவந்தது. படுக்கையிலிருந்தே மேலும் பல நூல்களை எழுதினார். தம்மைக் காண வந்த பிள்ளைகளை அன்போடு வரவேற்றார். 1948-இல் மீண்டும் விழுந்தபின் நிலைமை மேலும் மோசமாயிற்று. 1951 ஜனவரி 18 அன்று, எண்பத்து மூன்றாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்று அங்கே நிற்கிறது. அதில் அம்மை என்ற சொல் பொறிக்கப்பட்டுள்ளது.

தோழியரே, இவ்வாழ்க்கையிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் அறிகிறோம். உடல் நலிந்தவர் பயனற்றவர் அல்லர் என்பது ஒன்று. நவீன செவிலியர் கல்விக்கு வித்திட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் பல்லாண்டுகள் படுக்கையிலிருந்தே பணியாற்றியவர்தாம். மற்றொன்று, நலம் என்பது தானே வந்து தங்குவதன்று என்பது. வீட்டில் பழகிய உணவு, உறங்கும் நேரம், வாழும் இடம், உடனிருக்கும் தோழியர், மன அமைதி ஆகிய எல்லாம் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் தமக்கொரு குறையுமில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார்களோ!

ஆகவே வெள்ளுடை அணியப் போகும் தங்கையரே, பிறர் நாடியைப் பிடிக்குமுன் உங்கள் நாடியையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். களைப்பைச் சொல்வது வெட்கமன்று. காய்ச்சலை மறைப்பது தியாகமுமன்று. பெற்றோரே, விடுமுறைக்கு வரும் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். விளக்கு பிறருக்கு ஒளி தர வேண்டுமானால் அதில் எண்ணெய் இருக்க வேண்டுமல்லவா?