பாறைகளை வரிசைப்படுத்திய கொல்லர் மகன்

பாறைகளின் வயதை அறியும் வழியைத் திறந்த அறிஞர்களுள் தலையாய ஒருவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். ஓர் இரும்புக் கொல்லரின் மகன். வில்லியம் ஸ்மித் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என விழைகின்றோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துச் சர்ச்சில் என்னும் சிற்றூரில் 1769 மார்ச்சு 23 ஆம் நாள் ஸ்மித் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்து, உழவரான உறவினர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தார். ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றது. எனினும் தம் முயற்சியால் கணிதம் கற்று, 18 ஆம் வயதில் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1791 இல் பணியின் பொருட்டுச் சோமர்செட் சென்ற ஸ்மித், அங்கே நிலக்கரிச் சுரங்கங்களுள் இறங்கினார். சுரங்கத்துக்குச் சுரங்கம் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கக் கண்டார். பின்னர்க் கால்வாய் வெட்டும் பணியில் அளவையாளராய் இருந்தபோது, வெட்டிய நிலமெங்கும் அவ்வரிசையை ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு களிமண் அடுக்குகளை வேறுபடுத்துவது எவ்வாறு? அவற்றுள் பொதிந்துள்ள சிப்பி, நத்தை முதலியவற்றின் புதைபடிவங்களே விடை கூறின. ஒவ்வோர் அடுக்கும் தனக்கே உரிய புதைபடிவங்களைக் கொண்டிருந்தது.

அடுக்குகள் குலையாமல் இருப்பின், கீழே உள்ளது முந்தியது. மேலே உள்ளது பிந்தியது. ஆகவே, தொலைவில் உள்ள இரு பாறைகளில் ஒரே வகைப் புதைபடிவங்கள் காணப்பட்டால், அவை ஒரே காலத்தவை எனக் கொள்ளலாம். எது மூத்தது, எது இளையது என்பதை இம்முறை கூறியது. எத்தனை ஆண்டு என்பதைக் கூறவில்லை. அவ்வெண்ணிக்கை, கதிரியக்கம் அறியப்பட்ட பிறகு, 20 ஆம் நூற்றாண்டில் கிட்டியது. யுரேனியம் மாறா வேகத்தில் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டு ஆண்டுகளைக் கணக்கிடுகின்றனர். புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956 இல் நிறுவப்பட்டதும் ஈயத்தை ஆராய்ந்தே.

ஸ்மித் தாம் கண்டதை ஒளிக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் வாய்மொழியாக வழங்கினார். ஆனால் எழுதி வெளியிடுவதில் காலம் தாழ்த்தினார். நாடெங்கும் அலைந்து திரட்டிய செய்திகளைக் கொண்டு, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நிலவியல் படத்தை 1815 இல் வெளியிட்டார். 1807 இல் இலண்டனில் தோன்றிய நிலவியல் சங்கத்திலோ செல்வர்களும் உயர்குடியினருமே வீற்றிருந்தனர். கொல்லர் மகனுக்கு அங்கே இடமில்லை. அச்சங்கத்தார் ஸ்மித்தின் உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டு, வேறொரு படத்தை 1820 இல் குறைந்த விலைக்கு வெளியிட்டனர்.

இதற்கிடையே கல்வெட்டுத் தொழில் நட்டமுற்றுக் கடன் பெருகியது. அரிதின் திரட்டிய புதைபடிவங்களை அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதுவும் போதாமல், 1819 இல் கடனாளிகள் சிறையில் ஏறத்தாழப் பத்து வாரங்கள் அடைபட்டார். வெளிவந்தபோது வீடும் உடைமையும் அவரிடம் இல்லை. ஆயினும் மனம் தளராது, வடபகுதி சென்று நில அளவைத் தொழிலைத் தொடர்ந்தார்.

முன்பு இடமளிக்காத அதே சங்கம் 1831 இல் தன் முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தை ஸ்மித்துக்கே வழங்கி, ஆங்கில நிலவியலின் தந்தை எனப் போற்றியது. 1839 ஆகஸ்டு 28 இல் அவர் மறைந்தார். சங்கத்தின் நிலப்படத்தில் அவர் பெயர் ஏறியதோ 1865 இல்தான்.

கிணறு வெட்டியும் கல் உடைத்தும் வயலில் உழைத்தும் நிலத்தின் இயல்பை அறிந்தோர் நம் முன்னோருள் பலர். அவர்தம் அறிவு அவர்தம் பெயரால் ஏட்டில் ஏறவில்லை. எழுத்து மறுக்கப்பட்ட காலம் அது. இன்று எழுதுகோல் நம் கையில் உள்ளது. இளைஞர்களே! கைத்தொழிலில் பிறக்கும் அறிவை இழிவென்று எண்ணாதீர். பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டறிந்து, அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். எழுதி வைத்த உழைப்பைப் பிறர் தமதென்று கொள்ளினும், உண்மையை நிலைநாட்டும் சான்று நம்மிடம் இருக்கும்.